தலை குனிந்து கேட்ட கப்பல் கதை

மழை இல்லாமல் மின்னல் வெட்டினால் வானத்தைப் பார்க்காதீர்கள், நேரே கண் டாக்டரிடம் போங்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த நாட்களை நினைத்தால் கண்ணுக்கு முன்னால் ஒரு கப்பல் வந்து நின்றுகொள்கிறது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா, வயது ஐம்பத்திரண்டு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்தவள். பதினாறு வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். இரண்டாம் வகுப்பிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. கழற்றினால் ஒரு சாணுக்கு அப்பால் எல்லாம் மங்கல்தான். ஆனால் கண்ணாடியோடு என்னைப்போல் வேனை ரிவர்ஸ் எடுக்க லகாட் ரோட்டில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை.

ஈப்போவில் நாலு மணி ஆனால் இடி மின்னல் சகஜம். அன்றும் வலது கண் ஓரத்தில் பளிச்சென்று வெட்டியது. "சன்னலை மூடுங்க, மழை வருது" என்றேன். பின்னால் பதினொரு பிள்ளைகளும் சிரித்தார்கள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மறுநாள் கண் முன்னால் கறுப்புக் கறுப்பாகப் பொட்டுகள் பறந்தன. கொசு என்று நினைத்து வேனுக்குள் மருந்து அடித்தேன். பிள்ளைகள் இருமினார்களே தவிர கொசு போகவில்லை. மூன்றாம் நாள் வேனின் வலது பக்கக் கண்ணாடி ஓரம் அழுக்காக இருந்தது. சிக்னலில் நிறுத்தி கையை நீட்டித் துடைத்தேன். அடுத்த சிக்னலிலும் துடைத்தேன். அழுக்கு கண்ணாடியில் இல்லை, என் கண்ணுக்குள் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

தெரிய வைத்தவன் ஒரு மோட்டார்சைக்கிள்காரன். வலது பக்கம் திரும்பும்போது ஆகாயத்திலிருந்து குதித்தவன் மாதிரி முன்னால் வந்து நின்றான். பிரேக்கை மிதித்த மிதியில் புத்தகப் பைகளெல்லாம் முன்னால் வந்து விழுந்தன. அவன் என் அம்மாவிலிருந்து ஆரம்பித்துத் திட்டிவிட்டுப் போனான். நான் பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லவில்லை என்றால் ஏதோ கோளாறு என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வேனை ஓரம் கட்டி, இடது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். உலகத்தின் வலது ஓரத்தில் யாரோ திரையை இழுத்து விட்டிருந்தார்கள்.

என் கணவர் ரேமண்ட் பேருந்துப் பட்டறையில் மெக்கானிக். எண்ணெய்க் கையோடு வந்து பிள்ளைகளை வீடு சேர்த்துவிட்டு என்னை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். கண்ணின் பாப்பா அகலமாக விரிய வேண்டுமாம், அப்போதுதான் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்க்க முடியும். ஒரு மணி நேரம், மறுபடி சொட்டு, மறுபடி ஒரு மணி நேரம். அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஜெபக்கூட்டத்துக்கு வந்த மாதிரி இருந்தது.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேலே பார், கீழே பார், மூக்கைப் பார் என்றார். பார்த்து முடித்ததும் ஒரு தாளில் பந்து மாதிரி கண்ணை வரைந்தார்.

"கழண்டுடுச்சாம்" என்றார் ரேமண்ட்.

"லோரி டயர் கழண்ட மாதிரி சொல்றீங்க!"

"டாக்டர் அப்படித்தான்லா சொல்றாங்க."

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்று மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கிறது. வெளிச்சம் அதில்தான் விழுந்து படமாகிறது. என்னைப்போல் கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்கு அது கொஞ்சம் இழுபட்டு மெலிந்திருக்கும். எங்காவது ஓட்டை விழுந்தால் கண்ணுக்குள் இருக்கும் நீர் அந்த வழியாகப் பின்னால் புகுந்து, சுவரிலிருந்து சவ்வை உரித்துக்கொண்டே போகும். மின்னல், பொட்டு, திரை எல்லாம் அதன் அடையாளங்கள். எனக்கு ஓரம் உரிந்திருந்தது, நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருந்தது. நடுவும் உரிந்துவிட்டால் பிறகு ஒட்டினாலும் பழைய பார்வை வராது. அதனால் நாளைக்கே அறுவை என்றார் டாக்டர்.

"வேன் ஓட்டலாமா டாக்டர்?"

"தெங்கோக் டூலு" என்றார். பார்ப்போம் என்று அர்த்தம். அவர் அதைக் கனிவாகத்தான் சொன்னார். வேன் இல்லாமல் நான் யார்? பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில். காலையில் ஐந்தரைக்கு எழுந்து எந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் ஹார்ன் அடிப்பேன்? அன்று படுக்கையில் இதைத்தான் நினைத்து அழுதேன். கண் போய்விடும் என்று அழவில்லை, வேன் போய்விடும் என்றுதான் அழுதேன்.

அறுவையின்போது முழித்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். முகத்தின்மேல் துணி. மதியம் எங்கே சாப்பிடலாம் என்று டாக்டர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பேச்சு ஒரு இடத்தில் திடீரென்று நின்றது. நான் எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன். பிறகு 'சிக்கன் ரைஸ்' என்றார் ஒருவர். உயிர் வந்தது.

உள்ளே இருக்கும் கூழ் போன்றதை எடுத்துவிட்டு, லேசரால் ஓட்டையைச் சுற்றி அடைத்து, கண்ணுக்குள் வாயுவை நிரப்பிவிட்டார்கள். வாயுக்குமிழ் எப்போதும் மேலேதான் போகும். அது மேலே போய்ப் பின்சுவரை அழுத்த வேண்டுமென்றால் நான் கீழே பார்க்க வேண்டும். ஐந்து நாள், தூங்கும்போதும் சாப்பிடும்போதும், முகம் தரையைப் பார்த்தபடி. "ஜாங்ஙான் அங்காட் கெபாலா" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொன்னார்கள். தலையைத் தூக்காதே. வாயு கரைகிற வரைக்கும் விமானத்தில் ஏறக்கூடாது என்று கையில் ஒரு பச்சைப் பட்டையும் கட்டினார்கள். "நாம எங்க பறந்தோம்" என்றார் ரேமண்ட்.

ஐந்து நாளில் நான் தலை குனிந்திருந்தது ஐம்பத்திரண்டு வருடத்தில் குனிந்ததைவிட அதிகம். கல்யாணத்தில்கூட நான் குனியவில்லை என்று என் மாமியார் குறைப்பட்டதுண்டு.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எனக்கு முதலில் இரண்டு பாதங்களாகத்தான் அறிமுகமானார். மங்கலாகத்தான், ஆனாலும் தெரிந்தது. நீல ரப்பர் ஜப்பான் சிலிப்பர், இரண்டாம் விரலில் மெட்டியின் மினுக்கு. பெயர் பார்வதி. ஹுத்தான் மெலிந்தாங் பாசாரில் மீன் விற்பவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி முற்றி இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, அதற்கு அறுவை செய்து கட்டுப் போட்டிருந்தார்கள். வலது கண் நல்ல கண்.

முதல் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கவிழ்ந்து கிடக்கிறேன். திடீரென்று பீப் பீப் என்று அபாயச் சத்தம். ஒரு பெண் மூச்சுத் திணறுகிறாள். யாருக்கோ இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பதறிப்போய் மணியை அழுத்தி, "மிஸ்ஸி! மிஸ்ஸி!" என்று கத்தினேன். எங்கள் ஊரில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். மிஸ்ஸி ஓடிவந்தார்.

"ஒண்ணும் இல்ல மிஸ்ஸி, என் போன்லா" என்றார் பார்வதி அக்கா. மிஸ்ஸி போனதும் என்னிடம், "பயந்துட்டியா? கப்பல்ல காத்து தீந்துபோச்சு. அவ சாக மாட்டா. முப்பது வருஷமா இப்படித்தான் தப்பிக்கிறா" என்றார்.

"எந்தக் கப்பல்?"

"ஆகாசத்துல போற கப்பல்."

தொடரின் பெயரைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிப்பார்கள், அதனால் சொல்லப் போவதில்லை. முப்பது வருடம் போல ஓடிய ஆங்கிலத் தொடர், அதன் கடைசிப் பாகங்களைத்தான் அக்கா போனில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் சனிக்கிழமை மதியம் டிவியில் வரும், நான் சேனலை மாற்றிவிடுவேன். வெள்ளிக் கலர் சட்டை போட்டுக்கொண்டு நட்சத்திரத்துக்கு நடுவே பேசுகிறவர்களிடம் எனக்கு என்ன வேலை? ஆனால் முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டு கிடக்கிறவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

போனைக் கீழே வைத்து நீயே பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது, அதன்மேல் கண்ணாடி நிற்காது. இடது கண்ணிலும் முன்னெச்சரிக்கையாக லேசர் அடித்திருந்தார்கள், கூசிக்கொண்டே இருந்தது. தவிர, போன் பார்வதி அக்காவுடையது. அவர் அதை அவருடைய அம்மாவுக்குக்கூடக் கொடுத்திருக்க மாட்டார்.

"முதல்ல இருந்து சொல்லுங்கக்கா" என்றேன்.

"முதல்ல இருந்தா? நீ இங்கேயே செத்துடுவ. நடுவுல ஏறிக்கலாம்லா. நானும் முதல் சில பாகத்தப் பாக்காமத்தான் ஏறுனேன்."

அப்படித்தான் ஏறினேன். பூமியிலிருந்து விதைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கப்பல். எங்கே போக வேண்டும் என்ற வரைபடம் தொலைந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு கிரகத்தில் இறங்கி, மண் ஒத்துவருமா என்று விதைத்துப் பார்ப்பார்கள். "அனுப்புனவன் யாரு, எதுக்கு அனுப்புனான், ஒண்ணும் தெரியாது. தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த நம்ம தாத்தன் பாட்டன் மாதிரிதான்னு வச்சிக்கயேன்" என்றார் அக்கா. கேப்டன் பெயர் டாரன். அவனோடு கப்பலை ஓட்டுகிறவள் ஐரா.

எங்கள் ஏற்பாடு வேடிக்கையானது. அக்காவுக்கு ஆங்கிலம் வராது. திரையைப் பார்த்து, கீழே ஓடும் மலாய் எழுத்தை வாசித்து, முப்பது வருடமாகக் கதையைப் பிடித்து வைத்திருந்தார். எனக்கு மிஷன் பள்ளி ஆங்கிலம், கேட்டால் புரியும், ஆனால் திரை கண்ணில் படாது. அவர் கண்ணு, நான் காது.

நான் விடாமல் கேட்பேன். அந்தக் கிரகத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? கப்பலில் துணி எங்கே காயப் போடுகிறார்கள்? டாரன் கறுப்பா சிவப்பா? ஐரா தலையைப் பின்னியிருக்கிறாளா, விரித்துப் போட்டிருக்கிறாளா? அக்கா முதலில் சலித்துக்கொண்டார். "வாய மூடிட்டுக் கேளேன்லா!" பிறகு அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. "அட, இவ்வளவு வருஷமா பாக்குறேன், இந்தக் கப்பல்ல சன்னலே இல்ல, இப்பதான் கவனிக்கிறேன்" என்பார். பாசாரில் மீன் விற்கிறவர் இல்லையா, வேற்றுக்கிரக ஜீவன் எது வந்தாலும் செவுள் இருக்கிறதா, செதில் இருக்கிறதா, எத்தனை கிலோ தேறும் என்று கணக்காகச் சொல்வார். ஒருநாள் ஏதோ ராட்சத ஜீவன் செத்துப்போன சோகமான கட்டம், ஆங்கிலத்தில் எல்லோரும் விசும்புகிறார்கள். "கறி போடலாம், ஆனா முள்ளு ஜாஸ்தி" என்றார். நான் தலையணைக்குள் சிரித்த சிரிப்பில் கண் குலுங்கிவிடுமோ என்று பயந்தேன்.

மாலை ரேமண்ட் வருவார். பட்டறையில் அரை நாள் லீவு எடுத்து என் வேனை அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அங்கிள் ரொம்ப மெதுவாகப் போகிறார் என்று புகார் செய்வதாகச் சொன்னார். நான் குனிந்தபடி சாப்பிட்டால் சட்டையெல்லாம் கறி சிந்தும், அவர் கீழே தரையில் உட்கார்ந்து, கீழிருந்து மேலாக எனக்கு ஊட்டுவார். இருபத்தெட்டு வருடத்தில் அந்த மனிதர் எனக்கு ஒரு கோப்பி கலக்கிக் கொடுத்ததில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் என் கண்ணில் தண்ணீர் நேராகத் தட்டில் விழுந்தது. "உப்பு போதுமா?" என்றார். அந்த மனிதருக்குக் கிண்டலும் வரும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான்காம் நாள்தான் வினை வந்தது.

ஐரா ஒரு கிரகத்தில் மாட்டிக்கொள்கிறாள். டாரன் அவளைத் தேடிப் போகிறான். அக்கா மூக்கை உறிஞ்சுகிறார். "பாரு, புருஷன்னா இவன் புருஷன்" என்றார்.

"யாரு புருஷன்?"

"டாரன்லா. ஐராவுக்கு."

"அக்கா, அவன் அவளுக்கு அண்ணன்."

அக்கா படத்தை நிறுத்தினார். பிறகு, "என்னம்மா உளறுற?" என்றார்.

"பிரதர், பிரதர்னு கூப்பிடுறாளே. இப்பகூடச் சொன்னா."

"எழுத்துல அபாங்னு போடுறான். எப்பவும் அபாங்னுதான் போடுவான்."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மலாயில் அபாங் என்றால் அண்ணன். மலாய்க்காரப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுவதும் அபாங் என்றுதான். தங்கையை அடிக் என்பார்கள், புருஷன் பெண்டாட்டியையும் அடிக் என்று கொஞ்சுவான். முப்பது வருடமாக அபாங், அடிக் என்று கீழே ஓடியிருக்கிறது. அக்கா அவர்களுக்குக் கல்யாணமே செய்து வைத்துவிட்டார்.

"அண்ணன் தங்கச்சிக்கா!" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒரு தடவையாவது முத்தம் கொடுத்திருக்காங்களா? யோசிச்சுப் பாருங்க, வெள்ளைக்காரன் கதையில!"

"அத டிவிகாரன் வெட்டிட்டான்னு நினைச்சேன்! எல்லாத்தையும்தானே வெட்டுறான்!"

நான் இன்னும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குரல் மாறிவிட்டது. "என் புருஷன் மாசத்துல இருபது நாள் கடல்ல கிடப்பாரு. என்னையும் படகுல ஒருக்கா ஏத்திக்கிட்டுப் போங்கன்னா, பொம்பளை ஏறக்கூடாதும்பாரு. அந்த வெள்ளைக்காரனப் பாருங்க, பொண்டாட்டிய ஆகாசத்துக்கே ஏத்திட்டுப் போறான், நீங்க படகுத்துறையத் தாண்டிக் கூட்டிட்டுப் போகலன்னு இருபது வருஷமா சண்ட போட்டிருக்கேன் அந்த மனுஷன்கிட்ட. இப்ப வந்து தங்கச்சிங்கிற. உனக்குக் கண்ணு தெரியல, அதான் உளறுற. அவன் அவளப் பாக்குற பார்வைய நீ பாத்தியா?"

கண் தெரியவில்லை என்று சொன்னதுதான் என்னைச் சுட்டது. "காட்டுங்க பாப்போம்!" என்று எழுந்து உட்கார்ந்தேன். மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்து மூடியின்மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் கட்டில்வரை எட்டி, போனைப் பார்த்தேன். ஆத்திரத்தில் ஐந்து நாள் கட்டளையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அக்காவும் மறந்துவிட்டார். "இந்தா, இந்த இடம், இந்தப் பார்வை, இது அண்ணன் பாக்குற பார்வையா?" என்று திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினார். இரண்டு பேரும் ஒரு போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு வாதாடினோம். கால் மணி நேரம் இருக்கும்.

"அலாமாக்! அன்ட்டி! கெபாலா!" என்று மிஸ்ஸி வாசலிலிருந்து கத்தினார்.

நான் தலையணையில் விழுந்தேன். அந்த நிமிடத்திலிருந்து கண்ணுக்குள் எதுவோ சரிந்துவிட்டது போல, எதுவோ நழுவுவது போல இருந்தது. உண்மையிலேயே நழுவியதா, பயத்தில் அப்படித் தோன்றியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாலை டாக்டர் வந்தார், மிஸ்ஸி சொல்லிவிட்டார். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இப்போது வாயு மறைக்கிறது, தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் கிளினிக்கில் பார்ப்போம்" என்றார். மறுபடியும் அந்தத் தெங்கோக்.

ரேமண்டிடம் சொன்னேன். மறைக்க நினைத்தேன், ஆனால் அவர் தரையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊட்டுகிறார், எப்படி மறைப்பது? "எதுக்குத் தூக்குன?" என்றார்.

"ஒருத்தன் அண்ணனா புருஷனான்னு பாக்க."

அவர் கொஞ்ச நேரம் கரண்டியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். "யாருன்னு தெரிஞ்சுச்சா?"

"அண்ணன்தான்."

"அது போதும், சாப்பிடு" என்றார். வெளியே போய் ரொம்ப நேரம் கழித்து வந்தார்.

பார்வதி அக்கா அதற்குப் பிறகு போனைத் திறக்கவே இல்லை. கதையில் இன்னும் இரண்டே பாகம் பாக்கி. முப்பது வருடக் கப்பல் எங்காவது போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டிய இடம். நான் கேட்டால், "கண்ணு வலிக்குதும்மா" என்பார். மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். ஜப்பான் சிலிப்பரை மட்டும்தான் பார்த்தேன். "என்னாலதானேமா" என்றார். "போங்கக்கா, என் வாயால" என்றேன். இரண்டு பேரும் அழுதோம். நான் வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் போன் நம்பரை ஒரு மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

அந்த ஒரு வாரம் என்னால் மறக்க முடியாதது. வலது கண்ணில் வெள்ளையாக மூட்டம் மட்டும். வாயு கரையக் கரைய மேலிருந்து பார்வை திறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் எழுந்ததும் இடது கண்ணைப் பொத்திப் பார்ப்பேன். ஆறாம் நாள் சன்னலின் மேல்விளிம்பில் ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே மூட்டம், மீன் தொட்டியில் தண்ணீர் ஆடுவது போல நான் அசைந்தால் கோடும் அசைந்தது. பயத்தை மீறி எனக்கு வேடிக்கையாக இருந்தது. கண்ணுக்குள் ஒரு கடல்மட்டம் இருக்கிறதென்று யார் நினைப்பார்கள்? தலையைச் சாய்த்தால் அது சாயாது, நேராகவே நிற்கும். ரேமண்டைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆனால் வலது ஓரம் மட்டும் இன்னும் தெரியவில்லை. அது வாயுவா, மறுபடி உரிந்துவிட்டதா என்ற கேள்வியோடுதான் கிளினிக்குக்குப் போனேன்.

மறுபடி சொட்டு, மறுபடி காத்திருப்பு. டாக்டர் விளக்கைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். மேலே, கீழே, மூக்கு, காது. என் கைவிரல்களை ரேமண்ட் நசுக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் விளக்கை அணைத்தார்.

"மெலெக்காட்" என்றார். ஒட்டியிருக்கிறது.

ரேமண்ட் என் விரல்களை விட்டார். கால் மணி நேரத்தில் கெட்டுப்போகாது அன்ட்டி, ஆனால் இனிமேல் டிவிக்காகத் தலையைத் தூக்காதீர்கள் என்றார் டாக்டர். அவருக்கும் விஷயம் முழுக்கத் தெரிந்திருந்தது. மிஸ்ஸி சொல்லியிருப்பார்.

வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். "ஒட்டிக்கிச்சுக்கா!" அந்தப் பக்கம் பாசார் இரைச்சல், மீன் வெட்டும் சத்தம். "அம்மா தாயே!" என்றார். பிறகு யாரிடமோ, "ரெண்டு கிலோவா? எடுத்துட்டுப் போ, காசு வேணாம் போ" என்றார். அதோடு போனை வைத்துவிட்டார்.

வாயு கரைந்து, புதுக் கண்ணாடி போட்டு, எழுத்துப் பலகையில் நான் கடைசிக்கு முந்தைய வரியை வாசித்தபோது இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேன் ஓட்டலாம் என்றார் டாக்டர். அன்றே சாவியை ரேமண்டிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். அவர் சண்டை போடாமல் கொடுத்துவிட்டார். பதினொரு பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, கதை என்னாச்சு? கப்பல் போய்ச் சேந்துச்சா? எனக்கு மண்டை வெடிக்குது."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பாக்கல."

"ஏன்? கண்ணு சரியில்லையா?"

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "அன்னிக்கு மாரியாத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன்மா. அந்தப் பொம்பளை கண்ணு நல்லாயிட்டா, கடைசியா இருக்குற அந்த ரெண்டு பாகத்தையும் நான் ஜென்மத்துக்கும் பாக்க மாட்டேன்னு. வேற என்ன இருக்கு என்கிட்ட குடுக்க? ஆசைப்பட்டதத்தானே குடுக்கணும்."

நானும் மாதாவிடம் கேட்டேன்தான், ஆனால் என்ன கொடுப்பது என்று கடைசிவரை யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர ஒன்றும் கொடுக்கவில்லை. முப்பது வருடத்தை ஒரு பெண் எனக்காகத் தூக்கிக் கொடுத்திருக்கிறார், நான் எழுந்து உட்கார்ந்ததற்கு.

"அக்கா, பாக்க மாட்டேன்னுதானே வேண்டிக்கிட்டீங்க?"

"ஆமா."

"கேக்க மாட்டேன்னு வேண்டலையே?"

பாசார் மூடிய ஞாயிறு. அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

"வேண்டல" என்றார் மெதுவாக.

"அப்ப போனக் காதுல வச்சிக்கிட்டு உக்காருங்க. நான் இங்க டிவில போட்டுட்டேன். சத்தத்தையும் நானே குறைச்சு வைக்கிறேன், ஆத்தாகிட்ட ஒரு வம்பும் வேணாம். நான் பாத்துச் சொல்றேன்."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவருடைய கணவரிடம், "ஒரு மணி நேரம் யாரும் என்னக் கூப்பிடாதீங்க" என்றார். திரையில் நட்சத்திரங்கள் வந்தன. நான் வாயைத் திறப்பதற்குள், "இரு இரு" என்றார்.

"என்னக்கா?"

"எந்தக் கண்ணால பாக்குற?"

"வலது கண்ணுதான்க்கா. இடதைப் பொத்திக்கிட்டேன்."

அவர் மூக்கைச் சிந்தினார். நான் காத்திருந்தேன்.

"சரி" என்றார். "சொல்லு."